குட்டி போட்ட பூனைக்கு பயமா, தைரியமா?

கேள்வி: எங்க பூனை சரியான பயந்தாங்கொள்ளி. காலிங் பெல் அடிச்சாலே கட்டிலுக்கு அடியில போய் பதுங்கிடும். மூணு வாரம் முன்னாடி நாலு குட்டி போட்டுச்சு. இப்ப என்னடான்னா வாசல்ல வந்து நின்ன ஒரு பெரிய நாய் மேல பாய்ஞ்சு, மூக்கைக் கீறி, தெருக்கோடி வரைக்கும் விரட்டிட்டு வந்துச்சு. அதே பூனைதானா இது? (ஒரு வாசகி)

பதில்: பூனை அதேதாங்க, மூளைதான் கொஞ்சம் மாறிப்போச்சு. ஒரு இடத்துல உட்காராம பதைபதைன்னு அலையறவங்களைப் பார்த்து 'குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துறான்'னு சொல்றோம்ல, அந்தப் பேச்சும் உண்மை, உங்க பூனை நாயை விரட்டினதும் உண்மை, ரெண்டும் ஒரே சமயத்துல உண்மையா இருக்கறதுதான் இதுல வேடிக்கை.

இந்த ஆராய்ச்சியெல்லாம் பூனையை விட எலியிலதான் அதிகம் நடந்திருக்கு, அதனால எலிக்கதையே சொல்றேன். எலிக்கு எவ்வளவு பயம்னு அளக்க ஒரு மேடை இருக்கு. கூட்டல் குறி மாதிரி நாலு கை, தரையிலேர்ந்து அரை மீட்டர் உயரம், ரெண்டு கைக்கு பக்கச்சுவர் இருக்கும், மத்த ரெண்டு வெட்டவெளி. எலியை நடுவுல விட்டுட்டு அஞ்சு நிமிஷம் பார்ப்பாங்க, அவ்ளோதான் டெஸ்ட். சாதாரண எலி சுவர் இருக்கற பக்கம் ஓடிப்போய் ஒண்டிக்கும். வெளிய போகணும்னு ஆசை மட்டும் இருக்கும், அதனால பின்னங்காலை உள்ளயே ஊன்றிக்கிட்டு உடம்பை ரப்பர் பேண்ட் மாதிரி இழுத்து, மூக்கை மட்டும் வெட்டவெளியில நீட்டி, மீசை துடிக்க மோந்து பார்த்துட்டு டக்குன்னு திரும்பிடும். பால் குடுத்துக்கிட்டு இருக்கற தாய் எலியை விட்டுப் பாருங்க, அது பாட்டுக்கு சுவர் இல்லாத கையில நுனி வரைக்கும் நடந்துபோய், ஓரத்துல தலையைத் தொங்கப்போட்டு கீழ என்ன இருக்குன்னு எட்டிப் பார்க்கும்.

சரி, இந்த தைரியம் எங்கேர்ந்து வருது? பிரசவ ஹார்மோன்னு பட்டுனு சொல்லிடலாம், ஆனா அமெரிக்காவுல ஜோசப் லான்ஸ்டீன்ங்கறவர் 2005ல காட்டினது வேற மாதிரி. டெஸ்ட்டுக்கு நாலு மணி நேரம் முன்னாடி குட்டிகளைப் பிரிச்சு வெச்சுட்டா தாயோட தைரியம் காணாமப் போயிடுது, பழையபடி சுவர் ஓரமா ஒதுங்குது. குட்டி காம்புல வாய் வெச்சு குடிச்சே ஆகணும்னு கூட இல்லை, உடம்போட உடம்பு ஒட்டிக்கிட்டு கிடந்தாலே போதும். அதாவது இது ஒரு தடவை போட்டா வருஷக்கணக்குல நிக்கற ஊசி மாதிரி கிடையாது, போன் பேட்டரி மாதிரி, குட்டியைத் தொட்டுத் தொட்டு சார்ஜ் ஏத்திக்கிட்டே இருக்கணும். அந்தத் தொடுதல்ல மூளைக்குள்ள ஆக்சிடோசின்ங்கற ஹார்மோன் கசியுது, அது வேலை செய்ய விடாம மருந்து குடுத்துத் தடுத்தா பயம் திரும்ப ஏறுதுன்னும் பார்த்திருக்காங்க. இதுக்கு மேல, பாலூட்டற காலத்துல ஸ்ட்ரெஸ் ஹார்மோனும் மத்த நேரம் மாதிரி சட்டுனு எகிறாது.

இப்ப உங்க பூனை விஷயத்துக்கு வர்றேன். ஜெர்மனியில ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துல ஆலிவர் பாஷ், இங்கா நாய்மன் குரூப் ரெண்டு வகை எலியை வெச்சு வேலை பண்ணினாங்க. பயந்த எலியையும் பயந்த எலியையும் சேர்த்து தலைமுறை தலைமுறையா வளர்த்தது ஒரு வகை, தைரியசாலிகளை அதே மாதிரி சேர்த்து வளர்த்தது இன்னொரு வகை. ரெண்டுலயும் குட்டி போட்ட தாய்ங்க இருக்கற கூண்டுக்குள்ள தெரியாத எலி ஒண்ணை விட்டா, எது அதிகமா பாயும்னு நினைக்கறீங்க? பயந்தாங்கொள்ளிதான்! கூட்டை விட்டு நகராம குட்டிங்களை மூடிக்கிட்டு கிடக்கறதும் அதுவேதான். சண்டை போடற அந்த நேரத்துல அமிக்டலாவுல, அதாவது பயத்தைக் கவனிச்சுக்கற இடத்துல, அதுக்கு ஆக்சிடோசின் அதிகமா வெளிவருது. 2005ல வந்த இந்த ரிசல்ட்டைப் படிச்சதுலேர்ந்து எனக்கு 'தாய்க்குப் பயமே கிடையாது'ன்னு யாராவது வசனம் பேசினா சிரிப்பு வரும். பயம் எங்கயும் போகலை, தன் உயிர் மேல இருந்தது குட்டி மேல மாறி உட்கார்ந்துடுச்சு, அவ்ளோதான்.

எலியில இந்தப் பாய்ச்சல் முதல் வாரம் பத்து நாள்தான் உச்சத்துல இருக்கும், அப்புறம் தானா இறங்கிடும். பூனையிலும் குட்டிங்க வளர வளர குறையும். அதுவரைக்கும் நாயையும் விருந்தாளிங்களையும் தள்ளியே வெச்சிருங்க, உங்க கையும் பத்திரம்.

கேள்வி: தாய்ப்பாசம் பிறவியிலேயே இருக்கறதா, பிரசவத்தப்ப ஹார்மோன் சுரந்து வர்றதா? எங்க காலேஜ்ல இது ஒரு பட்டிமன்றமாவே ஓடிக்கிட்டு இருக்கு. (ஜூவாலஜி மாணவர்)

பதில்: தீர்ப்பை அப்புறம் பார்க்கலாம், முதல்ல சாட்சி. 1967ல ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல ஜே ரோசன்பிளாட் ஒரு சோதனை பண்ணினார். இதுவரைக்கும் குட்டியே போடாத பெண் எலியோட கூண்டுல, வேற எலிக்குப் பிறந்த குஞ்சுகளை தினமும் கொண்டுவந்து வெச்சார். முதல் நாள் அது என்ன பண்ணும்? ஓரக்கண்ணால பார்க்கும், கிட்ட வந்து மோந்துட்டு துள்ளிப் பின்வாங்கும், கூண்டோட எதிர் மூலையில போய்ப் படுத்துக்கும், சில சமயம் குஞ்சு மேல மரத்தூளைத் தள்ளி மூடியே விட்டுடும், கண்ணுல படாம இருந்தா சரிங்கற மாதிரி. ஆனா விடாம தினமும் வெச்சுக்கிட்டே இருந்தா, கிட்டத்தட்ட ஒரு வாரத்துல அதே எலி குஞ்சை வாயில கவ்வி கூட்டுக்குக் கொண்டுபோய், நக்கி, மேல கவிஞ்சு படுத்துக்குது. பால் இல்லை, பிரசவம் இல்லை, சினைப்பையை எடுத்துட்டா கூட இது நடக்குது. ஆண் எலியிலயும் நடக்குது!

ஆக ஹார்மோன் கட்சி அவுட்டுன்னு நினைச்சுடாதீங்க. பெத்த தாய்க்கு இந்த ஒரு வாரம் தேவையே இல்லையே, முதல் குஞ்சு விழுந்த நிமிஷமே நக்க ஆரம்பிச்சுடுதே. 1968ல டெர்கெலும் ரோசன்பிளாட்டும் அப்பத்தான் குட்டி போட்ட எலியோட ரத்த பிளாஸ்மாவை எடுத்து, குட்டி போடாத எலிக்கு ஏத்தினாங்க, அது வழக்கத்தை விட சீக்கிரமே தாய் மாதிரி நடந்துக்கிச்சு. 1972ல ரெண்டு எலியோட ரத்தக்குழாயையும் இணைச்சு விட்டுப் பார்த்தாங்க, ஒரு நாளுக்குள்ளயே மாறிடுச்சு. ரத்தத்துல என்னவோ இருக்குன்னு தெளிவாச்சு: பிரசவத்துக்கு முன்னாடி ஏறற ஈஸ்ட்ரோஜன், சரியா அந்த நேரம் பார்த்து விழற புரொஜெஸ்டிரோன், கூட புரோலாக்டின். மூளைக்குள்ள ஆக்சிடோசினை நேரா குடுத்தா, ஈஸ்ட்ரோஜன் ஏத்தி தயார் பண்ணி வெச்ச எலி உடனே தாயாகுதுன்னு 1979ல பீடர்சனும் பிரேஞ்சும் காட்டினாங்க. இந்த ஆக்சிடோசின் வெறும் ஒன்பது அமினோ அமிலம் கோத்த ஒரு சின்ன மாலை, ஆய்வுக்கூடத்துல அதைச் செஞ்ச வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955ல கெமிஸ்ட்ரி நோபல் கிடைச்சது.

எனக்குப் பிடிச்ச கேள்வி என்னன்னா, அந்த ஒரு வாரம் எதுக்கு? அதுல எலி என்ன கத்துக்குது? அலிசன் பிளெமிங்கும் ரோசன்பிளாட்டும் 1974ல எலியோட மோப்ப சக்தியைத் தடுத்துப் பார்த்தாங்க, அப்ப ஒரு வாரம் தேவைப்படலை, சீக்கிரமே தாய் வேலையில இறங்கிடுச்சு. அமிக்டலாவோட ஒரு பகுதியைச் செயலிழக்க வெச்சாலும் அதேதான். அதாவது பிரச்சினை பாசம் இல்லாததுல இல்லை, குஞ்சோட வாசனை அதுக்கு அருவருப்பாவும் பயமாவும் இருக்கு. அதே வருஷம் மைக்கேல் நியூமன், மூளையோட அடிப்பக்கத்துல இருக்கற ஹைப்போதலாமஸோட முன்பக்கம் இருக்கற மீடியல் ப்ரீஆப்டிக் ஏரியாங்கற பகுதியைச் சிதைச்சா நல்லா கவனிச்சுக்கிட்டு இருந்த தாயே குட்டியைத் திரும்பிப் பார்க்காமப் போறதைக் காட்டினார். அப்ப மூளையில ரெண்டு பக்கம் இழுக்குது, ஒண்ணு 'விலகிப் போ'ங்குது, ஒண்ணு 'கிட்டப் போ'ங்குது. குட்டி போடாத எலியில முதல் கை ஓங்கி இருக்கு. ஹார்மோன் வந்து அதை ஒரே அமுக்கா அமுக்கிடுது, ஹார்மோன் இல்லாத எலி தினமும் பழகிப் பழகி ஒரு வாரத்துல அமுக்குது. பட்டிமன்ற நடுவரா நான் உட்கார்ந்தா ரெண்டு அணிக்கும் பாதிப் பாதி மார்க்தான் போடுவேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அப்ப அப்பாக்களுக்கு ஒண்ணுமே இல்லையா சார்? (மூணு மாசக் குழந்தையோட அப்பா)

பதில்: மேல பாருங்க, ஆண் எலியும் ஒரு வாரத்துல குஞ்சை நக்க ஆரம்பிச்சுடுச்சே! சுண்டெலி கொஞ்சம் முரடு. ஜோடி சேராத ஆண் சுண்டெலி குஞ்சைப் பார்த்தா பெரும்பாலும் கடிச்சுக் கொன்னுடும். ஆனா ஒரு பெண்ணோட சேர்ந்து, அதுக்குக் குட்டி பிறக்க வேண்டிய மூணு வாரம் ஆகறப்ப அதே ஆண் அடங்கிடும். ஹார்வர்டுல கேத்தரின் டியூலாக் குழு 2014ல, நான் சொன்ன அதே ப்ரீஆப்டிக் பகுதியில காலனின்ங்கற பொருளைச் சுரக்கற செல்களைக் கண்டுபிடிச்சாங்க. ஒளியைப் பாய்ச்சி அந்த செல்களை உசுப்பினா, கொல்லப்போன ஆண் கடிக்கறதை விட்டுட்டு குஞ்சை நக்கிக் குடுக்குது. அந்த செல்களை அழிச்சா தாய் கூட குட்டியைக் கவனிக்கறதில்லை. வயரிங் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், சுவிட்ச் போடற விதம்தான் வேற. ராத்திரி குழந்தை அழறப்ப தூங்கற மாதிரி நடிக்கறதுக்கு இதுல எந்த சயின்ஸ் சப்போர்ட்டும் கிடையாது.

கேள்வி: எங்க பூனை தலையீத்துல மூணு குட்டி போட்டு, ரெண்டாவது நாள் ஒண்ணைத் தின்னுடுச்சு. நான் தூக்கிப் பார்த்ததாலதான்னு வீட்டுல எல்லாரும் என்னைத் திட்டறாங்க. அழுதுட்டேன். (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

பதில்: அழாதம்மா. வீட்டுல பழகின பூனை நீ ஒரு தடவை தொட்டதுக்காக மட்டும் பெரும்பாலும் குட்டியை ஒதுக்காது. குட்டி ஏற்கனவே செத்துப்போயிருக்கலாம், இல்லைன்னா பலவீனமா, உடம்பு சில்லுன்னு இருந்திருக்கலாம், செத்த குட்டியைத் தாய் தின்னுடறது பூனை, நாய், எலி எல்லாத்துலயும் நடக்கறதுதான். தலையீத்துல தடுமாற்றமும் அதிகம். அனுபவமே இல்லாம, சுத்தி சத்தம், ஆள் நடமாட்டம், போட்ட இடத்துல மறைவு இல்லைன்னா அதோட பதட்டம் ஏறிடும்.

பதட்டம் ஏறினா ஏன் குட்டி மேல திரும்புதுங்கறதுக்கு சுண்டெலியில ஒரு துப்பு கிடைச்சிருக்கு. 2021ல ஆனிட்டா ஆட்ரியும் டியூலாக்கும் ஹைப்போதலாமஸ்ல யூரோகார்ட்டின் 3ங்கற பொருளைச் சுரக்கற ஒரு சின்ன செல்கூட்டத்தைப் பத்தி எழுதினாங்க. குஞ்சைத் தாக்கற சமயத்துல அது விழிச்சுக்குது, மூளையில ஸ்ட்ரெஸ்ஸைக் கையாளற இடங்கள்லேர்ந்து அதுக்கு இணைப்பு வருது. அதைத் திரும்பத் திரும்பத் தூண்டினா பெண் சுண்டெலி குட்டியைக் கவனிக்கறது குறைஞ்சுபோகுது. கலிபோர்னியாவுல டாலி பேரம் குழு பண்ணின சோதனை இன்னும் எளிமையானது. தாய் எலிக்குக் கூடு கட்டக் குடுக்கற பொருளைக் குறைச்சாங்க, வேற ஒண்ணுமே பண்ணலை. அது குட்டியை விட்டுடலை, ஆனா நக்க ஆரம்பிக்கும், பாதியில எழுந்து ஓடும், திரும்ப வரும், மறுபடி ஓடும். வேலை துண்டு துண்டாப் போச்சு. படுக்கப் போதுமான துணி இல்லாததுக்கே இப்படி!

அதனால மிச்சம் இருக்கற ரெண்டு குட்டிக்கு நீ பண்ண வேண்டியது இதுதான்: இருட்டா, கதகதப்பா ஒரு அட்டைப்பெட்டி, நிறைய பழைய துணி, பக்கத்துலயே தண்ணியும் சாப்பாடும், ஒரு வாரத்துக்கு ஃப்ரெண்ட்ஸை கூட்டிட்டு வந்து காட்டாதே, நீயும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்காதே. தாய் சாப்பிடாம சுருண்டு கிடந்தாலோ குட்டிங்க ஓயாம கத்தினாலோ உடனே கால்நடை டாக்டர்கிட்ட போயிடணும். வீட்டுல திட்டறவங்ககிட்ட இந்தப் பக்கத்தைக் காட்டு.

கேள்வி: பதட்டப்படற தாய்க்குப் பதட்டமான பிள்ளைதான் பிறக்கும்னு சொல்றாங்களே, அது ஜீன்லயே வருதா? (ஒரு வாசகர்)

பதில்: இதுக்கு ஒரு பழைய விசித்திரத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். 1950கள்ல சீமோர் லெவின், எலிக்குஞ்சுகளை தினமும் கொஞ்ச நேரம் தாய்கிட்டேர்ந்து பிரிச்சு எடுத்துட்டு திரும்ப வெச்சார். இதுங்க பயந்தாங்கொள்ளியா வளரும்னுதானே நினைப்போம், வளர்ந்தப்ப பார்த்தா தொடாம விட்ட குஞ்சுகளை விட இதுங்கதான் நிதானமா இருந்துச்சு. ஏன்னா, திரும்ப வந்த குஞ்சைத் தாய் விட்ட குறை தொட்ட குறையா சேர்த்து நக்கித் தள்ளிடுது.

மாண்ட்ரியல்ல மெக்கில் பல்கலைக்கழகத்து மைக்கேல் மீனி அந்த நக்கலைத்தான் பிடிச்சுக்கிட்டார். (நக்கல்னா இங்க கேலி இல்லைங்க, நாக்கால நக்கறது.) கூண்டு முன்னாடி உட்கார்ந்து மணிக்கணக்கா எண்ணினாங்க: தாய் கூட்டுக்குள்ள வருது, குஞ்சுகளை இழுத்து அடியில சேர்க்குது, ஒண்ணொண்ணா புரட்டி வயித்தையும் பின்பக்கத்தையும் நக்குது (நக்கலைன்னா அந்த வயசுக் குஞ்சுக்கு ஒண்ணுக்கு கூட வராது), அப்புறம் நாலு காலையும் விரிச்சு முதுகை வில்லா வளைச்சு நிக்குது, அடியில எல்லாம் வரிசையா பால் குடிக்குது. எல்லாத் தாயும் இதைச் செய்யுது, சிலது அதிகமா நக்குது, சிலது கம்மியா. அதிகமா நக்கப்பட்ட குஞ்சு வளர்ந்தப்ப ஸ்ட்ரெஸ் ஹார்மோன் குறைவா எகிறுது, சீக்கிரம் இறங்கிடுதுன்னு 1997ல எழுதினாங்க. ஜீனா வளர்ப்பான்னு பார்க்க 1999ல குஞ்சுகளைப் பிறந்த கையோட மாத்தி வெச்சாங்க, கம்மியா நக்கற தாய்க்குப் பிறந்தது அதிகமா நக்கற தாய்கிட்ட வளர்ந்தா, வளர்த்தவளை மாதிரியே நிதானமா ஆகுது, பெண்ணா இருந்தா தன் குஞ்சையும் அதிகமா நக்குது. 2004ல அது எப்படின்னும் காட்டினாங்க. மூளையில ஹிப்போகேம்பஸ்ல ஸ்ட்ரெஸ் ஹார்மோனை உணர்ந்து 'போதும் நிறுத்து'ன்னு சொல்ற ஒரு ரிசப்டர் இருக்கு, அதான் பிரேக். அதோட ஜீன் மேல மெத்தில்ங்கற சின்ன ரசாயனப் பூட்டு விழுது, முதல் வாரத்துல நக்கறதைப் பொறுத்து அது அதிகமாவோ குறைவாவோ ஆகுது. ஜீன் எழுத்து மாறலை, படிக்கற விதம் மாறுது. வளர்ந்த எலியிலயும் மருந்தால அந்தப் பூட்டைத் தளர்த்த முடிஞ்சது.

இதை வெச்சுக்கிட்டு மேடையில ஏறி 'அம்மாக்களே, முதல் வாரம் போச்சுன்னா எல்லாம் போச்சு'ன்னு பயமுறுத்தற பேச்சாளர்களைக் கண்டா எனக்கு எரிச்சலா வரும். கம்மியா நக்கற எலி கெட்ட தாய் இல்லை, அதோட குட்டிங்களும் நல்லாத்தான் வளருது. ஆபத்து அதிகம் இருக்கற இடத்துல சட்டுனு பயப்படற குட்டிதான் பிழைக்கும். எலியோட முதல் வாரத்தைத் தூக்கி மனுஷக் குழந்தை மேல அப்படியே வைக்கவும் முடியாது. உங்க கேள்விக்கு நேர் பதில்: ஜீனும் உண்டு, ரீகன்ஸ்பர்க் எலிகளே சாட்சி, ஆனா தொட்டு வளர்க்கறதுல மாறவும் செய்யுது.

கேள்வி: கோழிக்கெல்லாம் கவலை உண்டா? (கோழி வளர்ப்பவர்)

பதில்: உண்டுங்க. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல 2011ல குஞ்சு மேல லேசா காத்தை ஊதினாங்க, தாய்க்கு ஒண்ணும் பண்ணலை. தாயோட இதயத்துடிப்பு ஏறிச்சு, கண்ணைச் சுத்தி உடம்பு சூடு இறங்கிச்சு, இறகு கோதறதை நிறுத்திட்டு தலையை நிமிர்த்திப் பார்த்துச்சு, குஞ்சைக் கூப்பிட ஆரம்பிச்சுது.

கேள்வி: ஆக்சிடோசின் ஸ்ப்ரேன்னு ஆன்லைன்ல விக்கறாங்க. 'அன்பு ஹார்மோன்'னு போட்டிருக்கு. அடிச்சா பதட்டம் குறையுமா, எல்லார் மேலயும் பாசம் வருமா? (ஐ.டி. ஊழியர்)

பதில்: வாங்காதீங்க. பதட்டம் தொல்லை பண்ணினா டாக்டரைப் பாருங்க, பாட்டில்ல தேடாதீங்க.

அந்தப் பேரு வெச்சது யாரோ, செம்மறி ஆட்டைப் பார்த்ததில்லை போல. ஆடு குட்டி போடறப்ப குட்டி வெளிய வர்ற அழுத்தத்துலயே மூளைக்குள்ள ஆக்சிடோசின் பாயுது, அடுத்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஈரக்குட்டியை நக்கி நக்கி அதோட வாசனையை மனப்பாடம் பண்ணிடுது. தன் குட்டி மேல உயிரா இருக்கும், அதே ஆடு அடுத்த ஆட்டோட குட்டி பசியில மடியைத் தேடி வந்தா முட்டித் தள்ளிடும். 'அன்பு ஹார்மோன்' பாய்ஞ்ச அதே மூளைதான் முட்டவும் சொல்லுது. கெவர்ன், லெவி, பாய்ன்ட்ரான், லிண்ட்சே நாலு பேரும் 1983ல, பிரசவத்துல வர்ற மாதிரியே அந்த அழுத்தத்தைக் கொஞ்ச நேரம் செயற்கையா குடுத்தா, ஏற்கனவே தன் குட்டியோட ஒட்டிக்கிட்ட ஆடு கூட அந்நியக் குட்டியைச் சேர்த்துக்குதுன்னு காட்டினாங்க.

ஆடு மேய்க்கறவங்க இதுக்கு லேப் எல்லாம் தேடலை. ஒரு ஆட்டோட குட்டி செத்துப்போச்சு, இன்னொரு குட்டி தாயில்லாம நிக்குதுன்னா, செத்த குட்டியோட தோலை உரிச்சு, கால் நுழையற மாதிரி ஓட்டை போட்டு, அனாதைக் குட்டிக்கு சட்டை மாதிரி மாட்டி விடுவாங்க. தாய் ஆடு வந்து பின்பக்கத்தை மோந்து பார்க்கும், தன் குட்டி வாசனைதான், காலை நகர்த்தி மடியை விட்டுக் குடுக்கும். ஓரிரு நாள்ல அதோட பால் உள்ள போய் குட்டியோட சொந்த வாசனையும் பழகினதும், தோலைக் கழட்டிடுவாங்க.